இறந்தவர்களைக் கணக்கெடுத்தது யார்?

மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர், தார் மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற ஆதிவாசிகள், குஜராத்தின் கோத்ரா பகுதியில் குவார்ட்ஸ் கல் அரைக்கும் ஆலைகளில் வேலை செய்தனர். சில மாதங்களே வேலை செய்தவர்களும் சிலிக்கோசிஸ் நோயுடன் ஊர் திரும்பினர். நுரையீரலை இறுகச் செய்யும் இந்நோயைக் குணமாக்க மருந்து இல்லை. மருத்துவமனைச் சீட்டிலோ இது பலமுறை காசநோய் என்றே பதிவாகிறது. காசநோய்க்கு முதலாளி பொறுப்பல்லவே!

சட்டப்படி சிலிக்கோசிஸ் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்கப்பட வேண்டிய நோய். ஆனால் இழப்பீடு கேட்டுச் சென்றால் வருகைப் பதிவேட்டையும் கூலிச் சீட்டையும் கேட்பார்கள். ஒப்பந்தக்காரர் வழியே சென்ற கூலிக்கு அவற்றை யார் கொடுத்தார்கள்?

அந்த இடத்தை ஆதிவாசி அமைப்புகளின் ஆய்வே நிரப்பியது. யார், எந்த ஆலையில், எத்தனை மாதம் வேலை செய்தார், எப்போது இறந்தார் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். 2006இல் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கையில், 2010இல் தேசிய மனித உரிமை ஆணையம், இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் வழங்கும்படி குஜராத் அரசுக்குப் பரிந்துரைத்தது. அதை வழங்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது 2016 மே மாதத்தில்தான்.

கள ஆய்வுக்குச் செல்லும் மாணவர்களுக்கு ஒரு வழக்கறிஞராக ஒன்று சொல்வேன். எக்ஸ்ரே நோயைக் காட்டும். அது யாருடைய ஆலைத் தூசு என்பதைக் காட்டாது. ஆகவே ஆலையின் பெயர், ஒப்பந்தக்காரர், உடன் வேலை செய்தவர் ஆகிய விவரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். நோயாளியின் பெயரைக் கட்டுரையில் மறையுங்கள். ஆனால் முழு விவரங்களும் கொண்ட படியொன்றை, வழக்கு நடத்தப்போகும் அந்தக் குடும்பத்திடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.