மறுகால் கணக்கு
நரிக்குடி டீக்கடையில் ஒரு வாத்தியார் அலுத்துக்கொண்டார்: "இன்கிரிமெண்ட் வந்தா வரம்பு தாண்டிரும்ணே, மொத்தச் சம்பளத்துக்கும் வரி போட்டுருவாங்க." கண்மாய் பார்த்து வளர்ந்தவரா இப்படிப் பேசுவது! மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்கிற தண்ணீர்தானே கீழ்க் கண்மாய்க்குப் போகும்? வருமான வரியும் அப்படித்தான். புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு ஒன்றுமில்லை, அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10. இப்படியே ஏறி, 24 லட்சத்துக்கு மேல் வழிவதற்கு மட்டும் 30. விளக்கி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது, அவர் பயத்திலும் கால்வாசி நியாயம் உண்டு. 2025 பட்ஜெட்டில் 12 லட்சம் வரை தள்ளுபடி தந்து வரியைப் பூஜ்யமாக்கினார்களே, அங்கேதான் சிக்கல். வரிக்குரிய வருமானம் 12,10,000 ஆனால் படிக்கணக்குப்படி 61,500 கட்ட வேண்டும். சட்டம் இரங்கி, கூடுதலாக வந்த 10,000-ஐ மட்டும் எடுத்துக்கொள்கிறது. மட்டும் என்றாலும், கூடியது முழுவதும் போயிற்று! ஏறத்தாழ 12.70 லட்சம் வரை இதே கதை. 5 கோடிக்கு மேல் சம்பாதிப்பவருக்குக்கூட, புதிய முறையில் சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து, கடைசி ரூபாயில் 39 காசுதான் போகிறது. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த கரிமூட்டம் போடும் பெரியவர், "நமக்கு அந்த வம்பே இல்லப்பா" என்று சிரித்தபடி செல்போனை நீட்டி ரீசார்ஜ் போட்டுத் தரச் சொன்னார். அதில் 18 சதவீதம் ஜிஎஸ்டி. அவருக்கும், அந்த 5 கோடிக்காரருக்கும்.