தேடத் தெரிந்தால் கிடைக்கும் வயல்காட்டு வரலாறு!

புதிதாகக் கணினி வாங்கி, இண்டர்நெட் இணைப்பும் எடுத்துவிட்டீர்கள். பிள்ளைகளின் தேர்வு முடிவு பார்த்தாயிற்று. ரயில் டிக்கெட் பதிவு செய்தாயிற்று. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உறவினரோடு முகம் பார்த்துப் பேசியும் ஆயிற்று. "அடுத்து என்ன செய்யலாம்?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வேலை ஒன்றுதான். உங்கள் ஊர்ப் பெயரைத் தேடுபொறியில் தட்டிப் பாருங்கள்.

நான் இருப்பது மயிலாடுதுறை. எங்கள் ஊர்ப் பெயரைத் தட்டினால் மயூரநாதர் கோயில் வருகிறது. ஐப்பசி மாதத் துலா முழுக்கு வருகிறது. தங்கும் விடுதிகளும், சுற்றியுள்ள கோயில்களுக்குப் போகும் வழியும் வருகின்றன. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் இந்தக் கோயில்களுக்கும் ஊருக்கும் நெல் விளைத்துக் கொடுத்தவர்கள் யார்? சேற்றில் இறங்கி நாற்று நட்டவர்கள் எங்கே குடியிருந்தார்கள், என்ன கூலி வாங்கினார்கள், எப்போது தலை நிமிர்ந்தார்கள்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் அவ்வளவு சுலபமாக வருவதில்லை.

இதில் கணினியின் குற்றம் எதுவும் இல்லை. யாரோ ஒருவர் தட்டச்சு செய்து ஏற்றியதைத்தான் தேடுபொறி எடுத்துக் கொடுக்கும். யாரும் எழுதாமல் விட்ட மனிதர்களையும், எழுதியும் ஏற்றாமல் விட்ட புத்தகங்களையும் அதற்குத் தெரியாது. காவிரி டெல்டாவின் பண்ணையாட்கள், அவர்களில் பெரும்பாலோரான தலித் மக்கள், இந்த இரண்டு கணக்கிலும் அடங்குவார்கள். வீட்டுக் கணினியையும் ஊர் நூலகத்தையும் சேர்த்துப் பயன்படுத்தினால் அவர்களின் வரலாற்றைத் தேடி எடுக்க முடியும் என்பதும், கணினியின் நல்ல பயன்களில் இது ஒன்று என்பதும் என் கட்சி.

அமெரிக்காவில் செய்து காட்டினார்கள்

இதைச் செய்து காட்டியவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்கள். பியூர்ட்டோ ரிக்கோவில் பிறந்த ஆர்துரோ ஷோம்பர்க் என்பவரிடம், "கறுப்பர்களுக்கு வரலாறு கிடையாது" என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம். அவர் வாழ்நாள் முழுவதும் புத்தகங்கள், கையெழுத்துப் பிரதிகள், படங்கள் என்று தேடித் தேடிச் சேர்த்தார். 1926ல் கார்னகி நிறுவனம் கொடுத்த 10,000 டாலரில் அந்தச் சேகரிப்பு நியூயார்க் பொது நூலகத்துக்காக வாங்கப்பட்டு, கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதிக் கிளை நூலகத்தில் வைக்கப்பட்டது. இன்று அது அவர் பெயரிலேயே பெரிய ஆய்வு நூலகமாக இருக்கிறது.

அதே 1926ல் கார்ட்டர் உட்சன் என்ற அறிஞர் கறுப்பின வரலாற்றுக்கென ஒரு வாரத்தைத் தொடங்கினார். பின்னாளில் அது பிப்ரவரி மாதம் முழுவதும் நீண்டது. அதைப் பார்த்துத்தான் 2015ல் ஏப்ரல் மாதத்தை தலித் வரலாற்று மாதமாகக் கொண்டாடும் வழக்கம் தொடங்கியது.

அவர்களுக்கு எதிரே இருந்த தடையையும் தெரிந்துகொள்ளுங்கள். 1850, 1860ம் ஆண்டுகளின் அமெரிக்கக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல் இருந்தது. அதில் வயது, ஆணா பெண்ணா என்ற விவரம் இருக்கும், பெயர் இருக்காது. அடிமைத்தனம் ஒழிந்தபின் எடுத்த 1870 கணக்கெடுப்பில்தான் பெரும்பாலோரின் பெயர் முதன்முறையாக ஏறியது. முன்னோரைத் தேடும் எவரும் அந்த ஆண்டோடு முட்டிக்கொண்டு நிற்பார்கள்.

அந்தச் சுவரை உடைக்க உதவியது வீட்டுக் கணினிதான். விடுதலையான அடிமைகளுக்கு உதவ அரசு நடத்திய அலுவலகத்தின் பழைய கையெழுத்து ஆவணங்களை ஸ்கேன் செய்து இண்டர்நெட்டில் வைத்தார்கள். ஆயிரக்கணக்கான தொண்டர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து, திரையில் படித்து, பெயர்களைத் தட்டச்சு செய்தார்கள். 2016ல் அந்த வேலை முடிந்தபோது சுமார் 18 லட்சம் பெயர்கள் தேடக்கூடியவை ஆகிவிட்டன. அவர்களும் உங்களையும் என்னையும் போல வீட்டில் கணினி வைத்திருப்பவர்கள்தான்.

நந்தனாரிலிருந்து ஆரம்பியுங்கள்

நம் பக்கத்தில் எங்கே ஆரம்பிப்பது? மயிலாடுதுறைக்காரர்களுக்கு நான் சொல்லும் பெயர் நந்தனார். நந்தி விலகியதாகச் சொல்லப்படும் திருப்புன்கூர், வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

1998ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இணையதளத்தைத் திறந்தால் தேவாரமும் பெரியபுராணமும் இலவசமாகக் கிடைக்கும். சுந்தரர் தம் திருத்தொண்டத் தொகையில் 'திருநாளைப்போவார்' என்று பெயரை மட்டும் சொல்லிப் போகிறார். 12ம் நூற்றாண்டில் சேக்கிழார் அதை 37 பாடல்களாக விரிக்கிறார். அதில் புலைப்பாடி வருகிறது, கோயில் முரசுக்குத் தோல் கொடுக்கும் தொழில் வருகிறது. ஆனால் கொடுமைக்கார பிராமணப் பண்ணையார் அங்கே இல்லை. அவர் வருவது, மாயவரம் பக்கத்து ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் 19ம் நூற்றாண்டில் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில். சிதம்பரம் போக எஜமானிடம் உத்தரவு கேட்டுக் காத்திருக்கும் பண்ணையாள் நந்தன் அந்தக் கீர்த்தனையில்தான் இருக்கிறான்.

மூன்றையும் மூன்று விண்டோக்களில் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பாரதியார் தம்மைச் சுற்றிப் பார்த்த பண்ணை வாழ்க்கையைக் கதைக்குள் கொண்டுவந்திருக்கிறார் என்பது என் எண்ணம். ஒரே பெயரைப் பல நூல்களில் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வரலாற்று ஆராய்ச்சியின் முதல் பாடம். அதற்குப் பட்டம் தேவையில்லை, பொறுமை போதும்.

எந்தச் சொல்லைத் தட்டுவது?

புதியவர்கள் சோர்ந்து போகும் இடம் இது. "தேடினேன், ஒன்றும் வரவில்லை" என்பார்கள். பெரும்பாலும் சொல் மாறியிருக்கும், அவ்வளவுதான். சில வழிகள்:

முதலாவது, ஊரின் பழைய பெயர். 1982க்கு முன் மயிலாடுதுறை என்பது மாயூரம், பேச்சுவழக்கில் மாயவரம். அந்தப் பெயர்களைத் தட்டாவிட்டால் பழைய ஆவணங்கள் கண்ணில் படாது.

இரண்டாவது, மாவட்டம். மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020ல். அதற்கு முன் நாகப்பட்டினம் மாவட்டம். 1991க்கு முன் தஞ்சாவூர் மாவட்டம். ஆகவே பழைய செய்தி எதையும் தஞ்சாவூர் என்ற தலைப்பில்தான் தேட வேண்டும். ஆங்கிலப் புத்தகமானால் ஆங்கில எழுத்தில், வெள்ளைக்காரர் எழுதியபடி 'டாஞ்சூர்' என்று தட்டுங்கள்.

மூன்றாவது, மக்களைக் குறித்த சொல். 'தலித்' என்று மட்டும் தேடினால் அண்மைக் காலத்தவைதான் வரும். பண்ணையாள், பஞ்சமர், ஆதிதிராவிடர், தாழ்த்தப்பட்டோர், ஹரிஜன் என்று காலத்துக்கு ஒரு சொல் இருந்தது. சாதிப் பெயரையே இழிவாக எழுதிய ஆவணங்களும் உண்டு. படிக்கும்போது மனம் கசக்கும். ஆனால் பூட்டைத் திறக்க அந்தச் சாவிதான் இருக்கிறது.

நான்காவது, பழைய தமிழ்ப் புத்தகங்கள் பல, பக்கம் பக்கமாகப் படம் எடுத்த பிடிஎஃப் ஃபைல்களாகவே இருக்கின்றன. படத்துக்குள் இருக்கும் எழுத்து எல்லாத் தேடலிலும் சிக்காது. எனவே புத்தகத்தின் பெயரைக் கண்டுபிடித்து, டவுன்லோட் செய்து, பொருளடக்கத்தைப் பார்த்து நீங்களே புரட்ட வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், ஆர்கைவ் டாட் ஆர்க் தளத்திலும் இப்படி ஏராளமாக உண்டு.

வெங்கசாமி ராவ் 1883ல் எழுதிய தஞ்சாவூர் மாவட்டக் கையேடும், ஹெமிங்வே 1906ல் எழுதிய தஞ்சாவூர் கெஜட்டியரும் அப்படிப் படிக்க வேண்டியவை. ஒரு எச்சரிக்கை: இரண்டும் அரசாங்கத்தின் பார்வையில் எழுதப்பட்டவை. வரி வசூலும் பாசன வாய்க்காலும் விரிவாக இருக்கும் அளவுக்கு, வாய்க்கால் வெட்டியவரின் பேச்சு அவற்றில் இருக்காது.

இண்டர்நெட் நிற்கும் இடத்தில் நூலகம்

அந்தப் பேச்சு எங்கே இருக்கிறது? தலித் மக்களே பத்திரிகை நடத்தியிருக்கிறார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893ல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். அயோத்திதாசர் 1907ல் 'ஒரு பைசா தமிழன்' தொடங்கி, பிறகு 'தமிழன்' என்று பெயர் மாற்றி, 1914ல் காலமாகும் வரை நடத்தினார். 1869 முதல் 1943 வரை வந்த தலித் இதழ்களைப் பற்றி ஜெ. பாலசுப்பிரமணியம் எழுதிய 'சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை' என்ற புத்தகத்தைப் படித்தால், இத்தனை இதழ்களா என்று வியப்பு வரும். அவற்றில் பலவற்றின் ஒரு பிரதிகூட நமக்குக் கிடைக்கவில்லை என்று அறியும்போது வயிறு எரியும்.

அயோத்திதாசரின் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999ல் வெளியிட்டது. தஞ்சை கிராமங்களில் 1950களில் தங்கி ஆராய்ந்த கேத்லீன் கோவின் ஆங்கில நூல் 1981ல் வந்தது. இப்படிப்பட்ட பிற்காலப் புத்தகங்களை இண்டர்நெட்டில் இலவசமாக எதிர்பார்க்க முடியாது. நம் நாட்டில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. மிகப் பழையது திரையில் கிடைக்கும், புதியது அலமாரியில்தான் கிடைக்கும். அதனால்தான் இரண்டும் வேண்டும் என்கிறேன்.

நூலகம் இனாமாக நடக்கவில்லை என்பதையும் மறக்காதீர்கள். 1948ல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி, வீட்டு வரியோடு நூலக வரியும் நாம் கட்டுகிறோம். ஆகவே "இந்தப் புத்தகம் வாங்கி வையுங்கள்" என்று எழுதிக் கேட்பது நம் உரிமை. ஒவ்வொரு மாவட்ட நூலகத்திலும் அந்த மாவட்டத்து உழைக்கும் மக்களின் வரலாற்றுக்கு ஒரு தனி அலமாரியும், பழைய துண்டுப் பிரசுரங்களை ஸ்கேன் செய்ய ஒரு கருவியும் இருக்க வேண்டும் என்பேன். ஹார்லெமில் கிளை நூலகத்தால் முடிந்தது மாவட்ட நூலகத்தால் முடியாதா?

நீங்களும் ஏற்றுங்கள்

1936 முதல் 1938 வரை, அடிமையாக இருந்து விடுதலை பெற்ற முதியவர்களை அமெரிக்க அரசு ஆள் அனுப்பிப் பேட்டி எடுத்தது. 2,300க்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள் சேர்ந்தன. இன்று அவற்றை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்தில் எவரும் படிக்கலாம்.

நம் டெல்டாவிலும் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. மிராசுதார்களுக்கும் பண்ணையாட்களுக்கும் இடையே கூலி குறித்து 1948ல் மாயவரம் ஒப்பந்தம் ஏற்பட்டது. பண்ணையாட்களை நினைத்தபோது வெளியேற்றுவதைத் தடுக்கும் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952ல் வந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அங்கே உயிர் தப்பியவர்களின் பேச்சைப் பாரதி கிருஷ்ணகுமார் 'ராமையாவின் குடிசை' என்ற ஆவணப்படமாக 2005ல் பதிவு செய்தார். மற்ற ஊர்களின் கதை இன்னும் பெரியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. 1952ல் பத்து வயதுச் சிறுவனாக மாடு மேய்த்தவருக்கு இன்று எண்பது வயதுக்கு மேல். காத்திருக்க நேரம் இல்லை.

செல்போனிலேயே குரலைப் பதிவு செய்யலாம். அதைக் கணினிக்கு மாற்றி, ஊர்ப் பெயரையும் தேதியையும் ஃபைல் பெயராக வையுங்கள். ஒரு காப்பியை பென்டிரைவில் போட்டுத் தனியாக வையுங்கள். பேசியவரின் சம்மதம் இல்லாமல் இண்டர்நெட்டில் ஏற்றாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்கப் பேட்டிகளை எடுத்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். அவர்கள் முன்னால் முதியவர்கள் மனம் திறந்து பேசவில்லை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மிராசுதார் வீட்டுப் பையன் போய் "அந்தக் காலத்தில் எப்படி இருந்தது?" என்று கேட்டால், "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி" என்றுதான் பதில் வரும். பாட்டியிடம் பேத்தி கேட்கட்டும். அப்போதுதான் உண்மை வரும்.

"பழைய காயத்தை ஏன் கிளற வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள். மன்னர்கள் கதையும் பழையதுதான். அதைப் பாடப்புத்தகத்திலும் திரைப்படத்திலும் நாம் அலுக்காமல் கேட்கிறோம். உழுதவன் கதைக்கு மட்டும் ஏன் வாயை மூட வேண்டும்? தன் பாட்டனைப் பற்றி எங்கும் ஒரு வரி இல்லை என்று நினைத்து வளரும் பிள்ளைக்கும், இரண்டு வரியாவது இருக்கிறது என்று தெரிந்து வளரும் பிள்ளைக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

தமிழ் விக்கிப்பீடியாவில் உங்கள் ஊர்ப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கோயிலும் பேருந்து வசதியும் மட்டும் இருந்தால், நூலகத்தில் படித்த புத்தகத்தின் பெயரையும் பக்க எண்ணையும் சான்றாகக் கொடுத்து, அங்கே உழைத்தவர்களைப் பற்றி ஒரு வாக்கியம் சேருங்கள். எடிட் செய்யக் கட்டணம் எதுவும் இல்லை. அடுத்து உங்கள் ஊரைத் தேடும் பிள்ளைக்கு அந்த வாக்கியம் கிடைக்கும்.