நேற்று நடந்ததைச் சொல்லக் கற்பிப்போம்



'கோ, வென்ட், கான். கம், கேம், கம். ஸீ, ஸா, ஸீன்' என்று ஆங்கில வினைச்சொல் அட்டவணையை இராகம் போட்டு ஒப்புவிக்கும் பிள்ளைகளை நம் வீடுகள் பலவற்றில் காண்கிறோம். கேட்கும் தாய் தந்தையரின் உள்ளம் குளிர்கிறது. அதே பிள்ளையை அருகில் அழைத்து, 'நேற்று மாலை நீ என்ன செய்தாய்? ஆங்கிலத்தில் சொல், பார்க்கலாம்' என்று கேளுங்கள். 'எஸ்டர்டே ஐ கோ' என்று தொடங்கும்; பிறகு 'எஸ்டர்டே ஐ வாஸ் வென்ட்' என்று மாற்றும்; முடிவில் தலையைக் குனிந்து மௌனமாகிவிடும். அட்டவணையில் 'வென்ட்' இருக்கிறது; நாவில் அது இல்லை. மனப்பாடம் செய்வது வேறு, பேசுவது வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இது வெறும் இலக்கணச் சங்கதிதானே என்று எண்ணிவிட வேண்டாம். மனிதன் நடந்து முடிந்ததைப் பற்றி அடிக்கடி பேச வேண்டியிருக்கிறது. மொழி தெரியாத ஊரில் மருத்துவர்முன் நிற்பவன், காய்ச்சல் எப்போது தொடங்கியது, என்ன உண்டான், எந்த மருந்தை விழுங்கினான் என்று சொல்லியாக வேண்டும். நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் இளைஞன், எங்கே படித்தான், என்ன வேலை பார்த்தான் என்று விளக்கியாக வேண்டும். வெளிமாநிலத்தில் பிழைக்கப்போன நம் பிள்ளைமீது வீண்பழி ஒன்று விழுமானால், 'நான் அங்கே போகவில்லை; அதைத் தொடவில்லை' என்று உரைக்கவாவது அவனுக்கு நாவு எழ வேண்டாமா? நடந்ததைச் சொல்லத் தெரியாதவன், தன் பக்கத்து நியாயத்தையும் சொல்ல முடியாதவனாகிவிடுகிறான். ஆகவே, ஆங்கிலத்தில் இறந்தகாலத்தை எவ்வாறு கற்பிப்பது என்பதை இம்மாதம் சிறிது விரிவாகச் சிந்திப்போம்.

முதலில் ஒரு நற்செய்தியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். ஆங்கில இறந்தகாலம், நம் தமிழைவிட ஒரு வகையில் எளிது. தமிழில் வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தது, வந்தார்கள் என்று ஆளுக்கேற்ப விகுதி மாறுகிறது. ஆங்கிலத்திலோ நான், நீ, அவன், அவள், அவர்கள் எல்லாருக்கும் 'கேம்' ஒன்றே போதும். நிகழ்காலத்தில் 'ஹி கம்ஸ்' என்று சேர்க்க வேண்டிய 'ஸ்' கூட இங்கே இல்லை. 'வாஸ்', 'வேர்' என்ற இரண்டில் மட்டுமே, ஒருமை பன்மை பார்க்க வேண்டும். 'யூ' என்பதற்கு எப்போதும் 'வேர்' என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இறந்தகாலம் காட்டுவதில் நம் மொழியும் ஒரே அச்சில் வார்த்ததன்று. த், ட், ற், இன் என்பவை இறந்தகால இடைநிலைகள் என்று பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்தார். செய்தான், உண்டான், சென்றான், ஓடினான் என்ற நான்கையும் சொல்லிப் பாருங்கள். 'வா' என்பது 'வந்தான்' ஆகும்போது முதலெழுத்தே குறுகிவிடுகிறது. இவற்றையெல்லாம் நாம் எந்த அட்டவணையைப் பார்த்துக் கற்றோம்? தாயும் பாட்டியும் பேசக் கேட்டோம், நாமும் பேசினோம், அவ்வளவுதான். இத்தாலியிலிருந்து வந்து, தமிழைக் கற்று, பிற ஐரோப்பியருக்காகப் பேச்சுத்தமிழின் இலக்கணத்தை இலத்தீனில் எழுதிய வீரமாமுனிவருக்கு இந்த மாற்றங்கள் எத்தனை விந்தையாகத் தோன்றியிருக்கும்! அந்நிய மொழி எவருக்கும் முதலில் அந்நியமே.

இனி ஆங்கில வினைகளுக்கு வருவோம். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை 'எட்' என்று எழுதப்படும் ஈற்றைப் பெற்று இறந்தகாலமாகின்றன. எழுத்தில் ஒன்றாயினும் ஒலியில் இது மூன்று. 'வாக்', 'வாஷ்' போன்றவற்றின்பின் வல்லோசையாக 'ட்' என ஒலிக்கும். 'ப்ளே', 'கால்', 'ஓபன்' போன்றவற்றின்பின், 'வண்டி' என்ற சொல்லில் நாம் ஒலிக்கும் மெல்லிய டகரமாக ஒலிக்கும். 'வான்ட்', 'நீட்' என்று டகர ஓசையிலேயே முடியும் வினைகளின்பின் மட்டுமே 'வான்டெட்', 'நீடெட்' என்று தனி அசையாக நீளும். எழுதியபடியே படித்துப் பழகிய நம் பிள்ளைகள், 'வாக்கெட்', 'வாஷெட்' என்று எங்கும் அந்த அசையைச் சேர்த்துவிடுகிறார்கள். இந்த ஒரு விதியை விளக்கினால் பாதிக் குழப்பம் தீரும்.

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. தமிழ்ச்சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. ஆதலால், நம் நாவு ஆங்கிலச் சொல்லின் ஈற்றிலும் ஓர் உகரத்தைச் சேர்த்து 'வாக்டு' என்கிறது. அல்லது கடைசி ஒலியை விழுங்கி 'வாக்' என்று நிறுத்திவிடுகிறது. பிள்ளை 'எஸ்டர்டே ஐ வாக்' என்னும்போது, அது இலக்கணம் அறியாமல் சொன்னதா, ஒலிக்க இயலாமல் சொன்னதா என்று ஆசிரியர் கவனிக்க வேண்டும். எழுதச் சொன்னால் உண்மை விளங்கிவிடும். சரியாக எழுதுகிற பிள்ளைக்குத் தேவை இலக்கணப் பாடம் அன்று. செவிக்கும் நாவுக்கும் பயிற்சியே.

'எட்' சேராத வினைகள் எண்ணிக்கையில் சிலவே. ஆனால் அன்றாடம் நாவில் புரள்பவை அவைதாம். பி, ஹேவ், டூ, ஸே, மேக், கோ, டேக், கம், ஸீ, கெட் ஆகிய பத்தும் ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் வினைகள். பத்தில் ஒன்றுகூட 'எட்' பெறுவதில்லை. 'கோ' என்பதன் இறந்தகாலமாகிய 'வென்ட்', ஒரு காலத்தில் 'வெண்ட்' என்ற வேறொரு வினைக்கு உரியதாக இருந்தது. பிற்காலத்தில் 'கோ'வுக்குச் சொந்தமாகிவிட்டது. இத்தகைய சொற்களை அகரவரிசையில் கற்பிப்பது வீண்சுமை. ஓசையால் உறவானவற்றை ஒன்றுசேருங்கள். 'ஸிங், ஸாங், டிரிங்க், டிராங்க், பிகின், பிகான்' ஒரு குடும்பம். 'பை, பாட், பிரிங், பிராட், திங்க், தாட்' இன்னொரு குடும்பம். 'புட், கட், ஷட்' என்றும் மாறாதவை. 'ரீட்' என்பதோ எழுத்து மாறாமல், இறந்தகாலத்தில் 'ரெட்' என்று ஒலி மட்டும் மாறும்.

அதனினும் சிறந்த வழி, ஒரு நாளின் ஒழுங்கில் கற்பிப்பதாகும். எழுந்தேன், குடித்தேன், உண்டேன், போனேன், பார்த்தேன், வாங்கினேன், வந்தேன், படித்தேன், உறங்கினேன்: 'காட் அப், டிராங்க், ஏட், வென்ட், ஸா, பாட், கேம், ரெட், ஸ்லெப்ட்'. இந்த ஒன்பதைக் கொண்டே ஒரு பிள்ளை தன் நாள் முழுவதையும் சொல்லிவிடலாம்.

அடுத்தது 'டிட்'. 'ஐ டிட் நாட் வென்ட்' என்பது நம் நாட்டில் எங்கும் கேட்கும் பிழை. இதைத் திருத்தத் தமிழே துணைநிற்கிறது. 'வந்தேன்' என்பதை மறுக்கும்போது நாம் 'வந்தவில்லை' என்றா சொல்கிறோம்? 'வரவில்லை' என்கிறோம். இறந்தகால அடையாளம் மறைந்து, வினை தன் அடிப்படைக்குத் திரும்பிவிடுகிறது. ஆங்கிலமும் அப்படியே: 'ஐ கேம்', 'ஐ டிட் நாட் கம்'. இறந்தகாலச் சுமையை 'டிட்' தூக்கிக்கொண்டபின், வினை ஏன் அதையே மீண்டும் தூக்க வேண்டும்?

ஆனால் வினாவில் இவ்விரு மொழிகளும் பிரிகின்றன. 'வந்தாயா' என்பதில் இறந்தகாலம் வினைக்குள்ளேயே நிற்கிறது; 'டிட் யூ கம்' என்பதில் அது வெளியே வந்து முன்னால் நிற்கிறது. 'வேர் டிட் யூ கோ' என்று நாம் கேட்டால், பிள்ளை தன் காதில் விழுந்த 'கோ'வையே பிடித்துக்கொண்டு 'ஐ கோ' என்கிறது. கேள்வியில் 'கோ', பதிலில் 'வென்ட்' என்ற இந்த மாற்றத்தைப் பலமுறை வாயாடிப் பழக்கினாலன்றி வராது.

காலம் குறிக்கும் சொற்களையும் உடன் கற்பியுங்கள். 'எஸ்டர்டே', 'லாஸ்ட் நைட்', 'லாஸ்ட் சண்டே' ஆகியவை எளியவை. 'இரண்டு நாள் முன்பு' என்பதைப் பலர் 'பிஃபோர் டூ டேஸ்' என்று புரட்டிப் போடுகிறார்கள். 'டூ டேஸ் அகோ' என்பதே முறை. சொல்வரிசையும் தமிழைப் போலவே அமைந்திருப்பதைக் காண்க. மேலும், 'எஸ்டர்டே' என்ற சொல் வந்துவிட்டால் 'ஐ ஹேவ் ஸீன்' என்பது கூடாது. 'ஐ ஸா' என்றே சொல்ல வேண்டும். 'ஹேவ்' சேர்ந்த காலவடிவங்களைத் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு அவசரமாகப் புகட்ட வேண்டியதில்லை. அடித்தளம் காய்ந்தபின் அடுத்த மாடியைக் கட்டலாம்.

பிழை செய்தால் என்ன செய்வது? இதுவே பெற்றோர் பெரிதும் தடுமாறும் இடம். 'ஐ கோட் டு தி ஷாப்' என்று, 'வென்ட்' வரவேண்டிய இடத்தில் 'கோ'வுடன் 'எட்' சேர்த்துப் பேசும் குழந்தையைக் கண்டு வீடே சிரிக்கிறது. சிரிக்காதீர்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளும் இவ்வாறே சொல்கிறார்கள். 1958இல் ஜீன் பெர்க்கோ என்ற அமெரிக்க அறிஞர், 'ரிக்' என்பதுபோன்ற இல்லாத வினைகளைப் படைத்து, படத்தில் ஒருவன் அதைச் செய்வதாகக் காட்டி, 'நேற்று அவன் என்ன செய்தான்' என்று சிறு குழந்தைகளைக் கேட்டார். ஒருபோதும் கேட்டிராத அச்சொல்லுக்கும் அவர்கள் 'ரிக்ட்' என்று ஈறு சேர்த்தார்கள். குழந்தை கிளிப்பிள்ளையன்று, கேட்டவற்றிலிருந்து விதியைத் தானே கண்டெடுக்கிறது. 'எட்' சேரக்கூடாத இடத்தில் அதைச் சேர்க்கிற குழந்தை, விதியைக் கண்டுகொண்ட குழந்தை. அது வளர்ச்சியின் அடையாளம்.

அப்போது நாம் செய்யத்தக்கது ஒன்றே. 'ஓ, யூ வென்ட் டு தி ஷாப்! வாட் டிட் யூ பை?' என்று, திருந்திய வடிவத்தை நம் வாயால் இயல்பாகச் சொல்லி, உரையாடலைத் தொடர்வது. குழந்தைக்குச் சரியான சொல்லும் கிடைத்தது, பேச்சும் அறுபடவில்லை, மானமும் கெடவில்லை. பலர் நடுவே தலையில் குட்டுவாங்கிய பிள்ளை, பிழையை மறப்பதற்கு முன் பேச்சையே மறந்துவிடும்.

நம் தென்னகத்திலேயே, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய ஊர்களின் பள்ளிகளில் என்.எஸ். பிரபு என்னும் அறிஞர் ஒரு முயற்சியை நடத்தினார். இலக்கணத்தை நேராகப் புகட்டாமல், வரைபடம், கால அட்டவணை போன்றவற்றை வைத்துச் சிந்தித்துத் தீர்க்கும் பணிகளைக் கொடுத்து ஆங்கிலம் கற்பித்தார். மனம் பொருளில் ஊன்றியிருக்கும்போது மொழியின் அமைப்பு தானே படியும் என்பதே அவர் கருத்து. விதிகளை விளக்கவே கூடாது என்பது இதன் பொருளன்று என்பது என் துணிபு. விளக்கியதைப் பொருளுள்ள பேச்சாக மாற்ற வேண்டும் என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம்.

பங்கு மண்டபங்களில் மாலை வகுப்பு நடத்தும் இளைஞர்களுக்குச் சில எளிய வழிகளைக் கூறுகிறேன். கதவைத் திறவுங்கள், கரும்பலகையில் ஒரு பெயரை எழுதுங்கள், ஒரு புத்தகத்தை எடுங்கள். பிறகு 'வாட் டிட் ஐ டூ?' என்று கேளுங்கள். கண்ணால் கண்டதைச் சொல்வதால் சொற்கள் எளிதில் வரும். அடுத்து, ஒவ்வொரு பிள்ளையும் நேற்றைய நாளைப் பற்றி மூன்று வாக்கியங்கள் சொல்லட்டும். அவற்றுள் ஒன்று பொய்யாக இருக்கட்டும். மற்றவர்கள் 'டிட் யூ', 'வென் டிட் யூ', 'ஹூம் டிட் யூ ஸீ' என்று குறுக்குவிசாரணை செய்து அதைக் கண்டுபிடிக்கட்டும். அரைமணி நேரத்தில் 'டிட்' நூறுமுறை புழங்கிவிடும். மூன்றாவதாக, பாட்டி வடை சுட்ட கதையை ஆங்கிலத்தில் சொல்லச் செய்யுங்கள். கதை முன்பே தெரியுமாதலால், பிள்ளை மொழியை மட்டும் தேடினால் போதும். காகம் வடையைக் கவ்வியது, பறந்தது, அமர்ந்தது. நரி வந்தது, பார்த்தது, கேட்டது: அத்தனையும் இறந்தகாலமே!

'எங்களுக்கு ஆங்கிலம் தெரியாதே, சாமி. நாங்கள் என்ன செய்ய முடியும்?' என்று கேட்கும் தாய்மார்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது இது: இரவு உணவின்போது, தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் ஒதுக்கி வைத்துவிட்டு, 'இன்று பள்ளியில் என்ன நடந்தது?' என்று தமிழிலேயே கேளுங்கள். 'ஒன்றுமில்லை' என்று முதல்நாள் பதில் வரும். விடாதீர்கள். 'பிறகு என்ன ஆயிற்று? அவன் என்ன சொன்னான்? நீ ஏன் அப்படிச் செய்தாய்?' என்று ஆர்வத்துடன் கேளுங்கள். நடந்ததை முன்பின் மாறாமல், காரணத்தோடு, உள்ளது உள்ளபடி சொல்லத் தாய்மொழியில் பழகிய பிள்ளைக்கு, வேற்றுமொழியில் சொற்கள் மட்டுமே குறை. சொல்லும் திறன் குறைவன்று. தாய்மொழியிலேயே தன் நாளைக் கேட்பாரற்று வளர்ந்த பிள்ளைக்கோ, எந்த அட்டவணையாலும் பயனில்லை. அன்றியும், பள்ளியில் அடிபட்டதையும் அவமானப்பட்டதையும் பிள்ளைகள் வீட்டில் மறைப்பது, பல வேளைகளில், கேட்க ஆள் இல்லாமையால்தான் என்பதை மறவாதீர்கள்.

ஆகவே, இந்த மாதம் நம் இல்லங்களில் ஒரு சிறு முயற்சி தொடங்கட்டும். ஒன்பது வினைச்சொற்கள், நாள்தோறும் மூன்று வாக்கியங்கள், கேட்பதற்கு ஒரு கால்மணி நேரம். பிழைகளை எண்ணாமல், பிள்ளை சொல்ல வந்ததைக் கேளுங்கள். சொல்ல ஒரு செய்தியும் கேட்க ஒரு செவியும் இருந்தால், சரியான சொல் தாமதமாகவேனும் வந்து சேரும்.

அடுத்த இதழில் மீண்டும் சந்திப்போம்.