வாசலோடு நின்றுவிடக் கூடாத விசாரணை

ஊழல் புகாரில் சிக்கிய போலீஸ் அதிகாரி வெளிநாட்டுக்கு ஓடிவிட்டால், எந்த அரசும் உடனே விசாரணைக்கு உத்தரவிடும். எந்த விமானத்தில் ஏறினார், பாஸ்போர்ட்டைப் பார்த்தது யார், அன்று வாசலில் யாருக்குப் பணி என்றெல்லாம் துருவுவார்கள். கடைநிலை ஊழியர் ஒருவர் சஸ்பெண்ட் ஆவார். கோப்பு மூடப்படும். ஊழல் கண்காணிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நான் உறுதியாகச் சொல்கிறேன்: இப்படிப்பட்ட விசாரணையால் ஒரு பயனும் இல்லை. ஓடும் நாள்வரை அவரைக் காப்பாற்றி வைத்திருந்தது எது என்றுதான் கேட்க வேண்டும். ஹாங்காங் அப்படிக் கேட்டது.

பீட்டர் காட்பர் அங்கே போலீஸ் தலைமைக் கண்காணிப்பாளர். 1952இல் பணியில் சேர்ந்தவர். 1967 கலவரத்தின்போது ஆற்றிய பணிக்காகப் பாராட்டப்பட்டவர். ஓய்வு பெறும் தறுவாயில், 1973 ஏப்ரலில், அவர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதாகத் தகவல் வந்தது. தோண்டியபோது, வாங்கிய சம்பளத்தால் சேர்த்திருக்கவே முடியாத 43 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல் கணக்கில் வந்தது. ஜூன் 4 அன்று வீட்டைச் சோதனையிட்டார்கள். சொத்து வந்த வழியை விளக்க ஒரு வாரம் கெடு கொடுத்தார்கள். ஜூன் 8 அன்று, தன் போலீஸ் அனுமதி அட்டையைக் காட்டி, கைடாக் விமான நிலையத்தில் குடிவரவுச் சோதனையைக் கடந்து, சிங்கப்பூர் வழியாக லண்டன் போய்ச் சேர்ந்தார்.

அந்த ஒரு வாரத்தை என்னால் எளிதாகத் தாண்டிப் போக முடியவில்லை. நோட்டீஸ் கைக்கு வந்த மறுநாளே என்னென்ன நடக்கும் என்பது எங்கள் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். மனை மைத்துனர் பெயருக்கு மாறும். முதிர்வுத் தேதிக்குக் காத்திராமல் வைப்புத்தொகையை எடுப்பார்கள். நகை வேறு வீட்டுக்குப் போகும். விளக்கம் சொல்ல அவகாசம் தருவது நியாயம்தான். குற்றம் சாட்டப்பட்டவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் கெடு கொடுக்கும் கையே பாஸ்போர்ட்டையும் வாங்கி வைக்க வேண்டும். இன்று ஹாங்காங் லஞ்சத் தடுப்புச் சட்டத்தில் அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது.

ஆளுநர் மெக்லஹோஸ், மூத்த நீதிபதி அலஸ்டைர் பிளேர்-கெர் தலைமையில் ஆணையம் அமைத்தார். முதல் அறிக்கை காட்பர் தப்பிய கதையைச் சொன்னது. அதோடு விட்டிருந்தால் நாம் இன்று அதைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். இரண்டாவது அறிக்கை காவல் துறையின் வயிற்றுக்குள்ளேயே கைவிட்டது. அங்கே லஞ்சத்தை ஒரு பேருந்தாகச் சொல்வார்கள் என்று அதில் எழுதியிருந்தார் நீதிபதி: விரும்பினால் ஏறிக்கொள்ளலாம், விரும்பாவிட்டால் கூடவே ஓடலாம், குறுக்கே மட்டும் நிற்கக் கூடாது. புதிதாகச் சேரும் நேர்மையான இளைஞன் என்ன ஆவான் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஊழலைப் பிடிக்கும் பிரிவும் அதே காவல் துறைக்குள்தான் இருந்தது. அதைப் பிரித்தெடுக்காதவரை அரசின் எண்ணத்தை மக்கள் நம்பமாட்டார்கள் என்ற கருத்தையும் அறிக்கை பதிவு செய்தது. மக்கள் ஏன் நம்புவார்கள்? ஆம்புலன்ஸ் ஊழியருக்குத் தேநீர்க் காசு, மருத்துவமனையில் ஒரு தம்ளர் தண்ணீருக்குக் காசு, வீடு எரியும்போது தீயணைப்பு வீரருக்கும் காசு என்று கொடுத்துச் சலித்தவர்கள் அவர்கள். விக்டோரியா பூங்காவில் திரண்டு, காட்பரைக் கைது செய் என்று முழங்கினார்கள். அந்தக் குரல் இல்லாவிட்டால் எந்த அறிக்கையும் அலமாரிக்குத்தான் போயிருக்கும்.

காட்பர் ஓடிய எட்டே மாதத்தில், 1974 பிப்ரவரி 15 அன்று, ஆளுநருக்கு மட்டுமே பதில் சொல்லும் சுதந்திரமான ஊழல் தடுப்பு ஆணையம் பிறந்தது. காட்பரைத் திருப்பிக் கொண்டுவருவதும் சுலபமாக இருக்கவில்லை. கணக்கில் வராத சொத்து வைத்திருப்பது இங்கிலாந்துச் சட்டப்படி குற்றமில்லை. அந்தக் காரணத்தைக் காட்டி அவரை அனுப்பக் கேட்க முடியாது. வான்சாய் பகுதிப் பதவிக்காக ஒரு போலீஸ் அதிகாரியிடம் 25,000 டாலர் வாங்கினார் என்பதற்குச் சாட்சி கிடைத்த பிறகே பிடி இறுகியது. 1975 ஜனவரியில் அழைத்து வரப்பட்டார். நான்கு ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார்.

எதிர்ப்பும் கிளம்பியது. 1977இல் போலீஸாரே ஆணைய அலுவலகத்துக்குள் புகுந்து தாக்கினார்கள். பழைய குற்றங்கள் பலவற்றுக்கு ஆளுநர் மன்னிப்பு வழங்க நேர்ந்தது. அந்த விட்டுக்கொடுப்பு எனக்கு இன்றும் கசக்கிறது. ஆனாலும் ஆணையம் கலைக்கப்படவில்லை.

எந்த நாட்டில் எந்த அதிகாரி ஓடினாலும் விசாரணை ஆணையத்தின் முன் மூன்று கேள்விகள் இருக்க வேண்டும். அவருக்கு அவகாசம் கொடுத்தது யார்? பயண ஆவணத்தை முடக்காமல் விட்டது ஏன்? அவருடைய துறையே அவரை விசாரித்ததா? விடைகளைச் சில மாதங்களுக்குள் கண்டறிந்து மக்கள் முன் வைக்க வேண்டும். மூன்றாவது கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால், விசாரணையை அந்தத் துறையின் கையிலிருந்து அன்றே எடுத்துவிட வேண்டும். அதைச் செய்யத் துணியாத அரசு, அடுத்த அதிகாரி ஓடுவதற்கும் இப்போதே அனுமதி கொடுத்துவிடுகிறது.