காத்திருப்பும் தண்டனைதான்



சட்டக் கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகளுக்கு எந்தத் தீர்ப்பைப் படிக்கச் சொல்லலாம் என்று ஈரோடு மாவட்ட வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். சத்ருகன் சவுகான் வழக்கில் 2014 ஜனவரி 21 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைச் சொல்வேன். ஈரோட்டு வாசகரே, அதை எழுதிய நீதிபதி உங்கள் மாவட்டத்துக்காரர்தான்.

பவானி பக்கம் காடப்பநல்லூரில், 1949இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்த பி.சதாசிவம் அந்த வீட்டின் முதல் பட்டதாரி. 1973இல் வழக்கறிஞர், 1996இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி, 2013இல் இந்தியத் தலைமை நீதிபதி. ஓய்வுக்குப் பின் கேரள ஆளுநரானதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் தலைமை நீதிபதியாக இருந்த ஒன்பது மாதங்களில் அவர் எழுதியவை காலத்துக்கும் நிற்கும்.

வாய்தா வாய்தாவாக அலைந்தே காடு தோட்டத்தை விற்றவர்களை நம் ஊர்களில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தூக்குக் கைதிக்கோ ஒவ்வொரு விடியலும் வாய்தா. கருணை மனுவைக் காரணமின்றி ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போடுவதே சித்திரவதை என்பதை முக்கியக் காரணமாகச் சொல்லி, 15 பேரின் தண்டனையை அந்த அமர்வு ஆயுளாகக் குறைத்தது. அவர்களில் நால்வர், 1993 பாலாறு கண்ணிவெடி வழக்கில் தண்டிக்கப்பட்ட வீரப்பன் கூட்டாளிகள். மேட்டூருக்கு மேலே, மாதேஸ்வரன் மலைப் பாதையில் 22 உயிர்கள் போன வழக்கு அது. அந்தக் குடும்பங்களின் துயரத்தை நாம் மறக்க முடியாது. அதே சமயம், நால்வரின் கருணை மனுவுக்குப் பதில் சொல்ல அரசு ஒன்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டதையும் நியாயம் என்று சொல்ல முடியாது.

கருணை மனு நிராகரிக்கப்பட்ட தகவல் கைதிக்குக் கிடைத்து 14 நாள் கழித்தே தூக்கிலிடலாம், குடும்பத்தாரைச் சந்திக்க விட வேண்டும் என்றும் தீர்ப்பு விதித்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் அப்சல் குருவைத் தூக்கிலிட்டிருந்தார்கள். அவர் குடும்பத்துக்கு அனுப்பிய தபால், எல்லாம் முடிந்த பிறகே போய்ச் சேர்ந்தது. சவுகான் தீர்ப்பு வந்த அடுத்த மாதமே, ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளன் உள்ளிட்ட மூவரின் தூக்கும் இதே வழியில் ஆயுளானது.

அதே 2014 மார்ச் 27 அன்று இன்னொரு தீர்ப்பு. மனிதர் கையால் மலம் அள்ளுவதை ஒழிக்கக் கோரி சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் 2003இல் தொடுத்த வழக்கு. 1993 முதல் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றார் சதாசிவம். உச்ச நீதிமன்றம் 2023இல் இதை 30 லட்சமாக உயர்த்தியது. சாயப்பட்டறைத் தொட்டியில் இறங்கியவர் மூச்சுத் திணறி இறந்த செய்தி திருப்பூர்ப் பக்கம் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. வாசிக்கும்போதெல்லாம் நெஞ்சு கொதிக்கிறது.

உங்கள் மகள் இந்த இரண்டு தீர்ப்புகளையும் படிக்கட்டும். கழிவுத் தொட்டியில் ஒருவரை இழந்த குடும்பம் உங்கள் தெருவில் இருந்தால், இழப்பீடு கிடைத்ததா என்று கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துப் போங்கள். அங்கே ஏழைகளுக்கு வழக்கறிஞர் கட்டணம் கிடையாது.

அன்புடன்,
ஆசிரியர்