'தோர்' நாயகனை யோசிக்க வைத்த மரபணு: கொழுப்பைச் சுமக்கும் புரதத்துக்கும் அல்சைமருக்கும் என்ன தொடர்பு?

திரையில் சுத்தியலைச் சுழற்றி எதிரிகளைத் தெறிக்கவிடும் 'தோர்' நாயகன் கிறிஸ் ஹெம்ஸ்வொர்த், 'லிமிட்லெஸ்' என்ற ஆவணத் தொடருக்காக மரபணுப் பரிசோதனை செய்துகொண்டார். உடலை நீண்ட காலம் திடமாக வைத்திருப்பது எப்படி என்பதுதான் தொடரின் பேச்சு. ஆனால் முடிவு வேறு ஒன்றைச் சொன்னது. ஏபிஓஇ-4 என்ற மரபணு வடிவம் அம்மா வழியில் ஒன்று, அப்பா வழியில் ஒன்று என இரண்டு பிரதிகளாக அவரிடம் இருந்தது. 2022 நவம்பரில் இதை அவர் வெளியே சொன்னபோது வயது 39. அவருடைய தாத்தா ஏற்கெனவே அல்சைமரால் பாதிக்கப்பட்டவர்.

அப்படின்னா அவருக்கு அல்சைமர் வந்தே தீருமா? அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் சும்மா ஒதுக்கிவிடவும் முடியாது.

கொழுப்பு ஏறும் வண்டி

ரசத்தின் மேல் எண்ணெய் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொழுப்பு தண்ணீரில் கரையாது. ரத்தத்திலும் அதே கதைதான். அதனால் கொழுப்பை உடல் சிறு உருண்டைகளாகக் கட்டி அனுப்புகிறது. அந்த உருண்டை சிதறாமல் பிடித்துக்கொண்டு, எந்த செல்லில் இறங்க வேண்டும் என்று அடையாளம் காட்டும் புரதங்கள்தான் அப்போலிப்போபுரோட்டீன்கள். 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்டிஎல்-லில் இருப்பது பி வகை. 'நல்ல கொழுப்பு' எச்டிஎல்-லில் முக்கியமானது ஏ-1 வகை.

மூளையில் பெரும்பங்கு வேலை செய்வது இ வகை, அதாவது ஏபிஓஇ. உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடலின் மொத்தக் கொலஸ்ட்ராலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அங்கேதான் இருக்கிறது. ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரால் மூளைக்குள் நுழைவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அதை நரம்பு செல்களுக்கு ஏற்றிச் செல்வது ஏபிஓஇ.

இந்தப் புரதம் 299 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு மாலை. அதில் 112, 158 ஆகிய இரண்டே இடங்களில் வரும் மாற்றத்தால் இ2, இ3, இ4 என மூன்று வடிவங்கள் உண்டாகின்றன. பெரும்பாலானோரிடம் இருப்பது இ3. மூளையில் சேரும் அமைலாய்ட் என்ற புரதக் கழிவை அப்புறப்படுத்துவதில் இ4 மந்தமானது. இ2 அல்சைமருக்கு எதிராகப் பாதுகாப்பு தருகிறது. ஆனால் இ2-வும் முழு நல்லவன் இல்லை: இரண்டு பிரதி இ2 உள்ள சிலருக்கு ரத்தக் கொழுப்பு தாறுமாறாக ஏறும் பரம்பரைக் கோளாறு வருகிறது.

1993-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆலன் ரோசஸ் குழுவினர் இ4-க்கும் அல்சைமருக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தனர். ஒரு பிரதி இருந்தால் ஆபத்து சுமார் 3 மடங்கு, இரண்டு இருந்தால் 8 முதல் 12 மடங்கு என்று பொதுவாகச் சொல்கிறார்கள். இந்தக் கணக்கு பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துப் போட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. ஜப்பானியரிடம் இ4-ன் தாக்கம் இன்னும் கூடுதல். நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் குறைவு. ஹரியானாவின் பல்லப்கரில் நடந்த இந்திய-அமெரிக்க ஆய்வில், ஒப்பிடப்பட்ட பென்சில்வேனியா மக்களைவிட இ4 வைத்திருப்பவர்களே குறைவு என்று தெரியவந்தது.

கொலம்பியப் பெண் காட்டிய வழி

கொலம்பியாவின் அந்தியோக்கியா பகுதியில் ஒரு பெரிய பரம்பரை. அங்கு 'பிரிசெனிலின்-1' என்ற மரபணுவில் பிழை உள்ளவர்களுக்கு 40-களின் நடுவிலேயே ஞாபகம் தடுமாறத் தொடங்கிவிடும். இது இ4 போல 'வரலாம்' ரகம் அல்ல, கிட்டத்தட்ட நிச்சயம். ஆனால் அந்தப் பிழை இருந்தும் ஒரு பெண்ணுக்கு 70 வயதைத் தாண்டும்வரை பெரிய மறதி வரவில்லை. அவர் மூளையை ஸ்கேன் செய்தால் அமைலாய்ட் மண்டிக் கிடந்தது. ஆனால் நரம்பு செல்களைச் சிதைக்கும் டாவ் புரதம் மிகக் குறைவு.

காரணம் தேடியபோது கிடைத்தது ஏபிஓஇ-யின் அரிய மாற்றம் ஒன்று, பெயர் 'கிறைஸ்ட்சர்ச்', அதுவும் இரண்டு பிரதிகள். 2019-ல் இது வெளியானது. ஒரே ஒரு நபரை வைத்து முடிவுக்கு வர முடியாதுதான். இருந்தாலும், அதே புரதம் கெடுக்கவும் செய்யும், காக்கவும் செய்யும் என்பது தெரிந்ததும் மருந்து தேடுவோரின் பார்வை இதன் பக்கம் அதிகம் திரும்பியது.

மருந்து வந்தது, சிக்கலும் வந்தது

ரொம்ப காலம் இந்தப் பரிசோதனை 'தெரிந்து என்ன ஆகப்போகிறது' என்ற நிலையில்தான் இருந்தது. லெக்கனமாப் வந்ததும் அது மாறிவிட்டது. அமைலாய்டை அகற்றும் இந்த மருந்துக்கு 2023 ஜூலையில் அமெரிக்கா முழு அனுமதி கொடுத்தது. நோயைக் குணப்படுத்தாது; 18 மாத ஆய்வில் சரிவின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது, அவ்வளவுதான். பக்கவிளைவு மூளை வீக்கம். இ4 இல்லாதவர்களில் சுமார் 20-ல் ஒருவருக்கு இது ஸ்கேனில் தெரிந்தது. இரண்டு பிரதி உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு. பலருக்கு அறிகுறியே இருக்காது, சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். அதனால்தான் 2025-ல் அனுமதி அளித்த ஐரோப்பிய ஒன்றியம், இரண்டு இ4 உள்ளவர்களைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டது. யாருக்கு மருந்து அதிகம் தேவையோ, அவர்களுக்கே கதவு மூடியிருக்கிறது.

மூளையோடு முடியவில்லை

பி வகைப் புரதத்தின் அளவு மாரடைப்பு ஆபத்தை எல்டிஎல் அளவைவிடச் சரியாகக் காட்டுகிறது என்று இதய நிபுணர்கள் பலர் சொல்கிறார்கள். எல்-1 வகையின் கதை விசித்திரம். மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் காணப்படும் இதன் இரண்டு மாற்றங்கள் தூக்க நோய்க் கிருமியிலிருந்து காத்தன. அதே மாற்றங்கள் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன.

பரிசோதனை செய்துகொள்ளலாமா?

டிஎன்ஏ-வின் வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன், 2007-ல் தன் முழு மரபணுத் தொகுப்பையும் வெளியிடச் சம்மதித்தார். ஏபிஓஇ-யை மட்டும் தனக்கே சொல்ல வேண்டாம் என்றார். அவர் பாட்டிக்கு அல்சைமர் இருந்தது. அந்த இடத்தை மட்டும் மறைத்துப் பயனில்லை, அக்கம்பக்கத்து டிஎன்ஏ-வை வைத்தே ஊகிக்கலாம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சுட்டிக்காட்ட, பிறகு அந்தப் பகுதியே பெரிதாக வெட்டப்பட்டது.

எல்லோரும் வாட்சன் போல் இல்லை. அல்சைமர் நோயாளிகளின் பிள்ளைகள் 162 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், தங்கள் முடிவை ஆலோசனையோடு தெரிந்துகொண்டவர்கள் நீண்டகால மன உளைச்சலில் விழவில்லை. 'ஆலோசனையோடு' என்பதுதான் இங்கே முக்கியம். இணையத்தில் பெட்டி வரவழைத்து எச்சில் துப்பி அனுப்புவது வேறு.

60 வயதைக் கடந்த இந்தியர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்பது 2023-ல் வெளியான மதிப்பீடு. பாதிப்பில் ஏறக்குறைய 45 சதவீதம், மாற்றக்கூடிய 14 காரணங்களோடு தொடர்புடையது என்கிறது 2024 லான்செட் குழுவின் அறிக்கை. ரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேளாமை ஏற்கெனவே இருந்த பட்டியலில் புதிதாகச் சேர்ந்த ஒன்று எல்டிஎல் கொலஸ்ட்ரால். இதற்கு மரபணுப் பரிசோதனை தேவையில்லை, சாதாரண ரத்தப் பரிசோதனை போதும்.

இ4 பரிசோதனைக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே வீட்டில் பேசிவிடுவது நல்லது. ஒருவருக்கு இரண்டு பிரதி என்று வந்தால், அவர் பெற்றோர் இருவரிடமும் இ4 உண்டு, பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் குறைந்தது ஒன்று உண்டு. அவர்கள் யாரும் ரத்தம் கொடுத்திருக்க மாட்டார்கள்.