ஒரு பென்சிலும் ஒரு போத்தல் தண்ணீரும்

கோடை பிறந்துவிட்டால் ரொறன்ரோவில் நம்மவர் குடும்பங்கள் பகலிற் பூங்காக்களையும் மாலையில் அரங்கேற்ற மண்டபங்களையும் நாடுவது வழமையாகிவிட்டது. மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் இவ்விரு இடங்களிலும் நாம் கண்ணாற் காண்பதிலும் பார்க்கக் கருவியாற் பதிவு செய்வதே அதிகம். முன்னர் வீடியோக் கமரா, இன்று கைத்தொலைபேசி. எடுத்த படங்களுள் எத்தனையை நாம் மீண்டும் பார்த்தோம்?

எனது வேண்டுகோள் எளியது. இத்தகைய இடங்களுக்குச் செல்லும்போது பிள்ளைகளின் கையில் ஒரு பென்சிலையும் சிறு நீர்வர்ணப் பெட்டியையும் கொடுங்கள். பெரியோரும் உடன் அமர்ந்து வரையுங்கள்.

"படம் கீறினாற் பல்கலைக்கழகம் கிடைக்குமோ?" என்ற வினா உடனே எழும் என்பதை அறிவேன். ஓவியர் மாற்கு போன்றோர் கற்பித்த யாழ்ப்பாணத்திலேயே, பரீட்சை நெருங்கினாற் சித்திரப் பாடவேளையைக் கணித ஆசிரியர் கடன் கேட்பார். கொடுத்த கடன் திரும்பியதில்லை.

நம்மிற் பலர் குடியிருக்கும் ஸ்காபரோவுக்கு அப்பெயர் வந்ததே படம் வரைந்த ஒரு தாயினாலேதான். மேல் கனடாவின் முதலாவது துணைநிலை ஆளுநரின் துணைவியாரான எலிசபெத் சிம்கோ 1793இல் இங்கு வந்தார். ஏரிக்கரையின் உயர்ந்த மண்மேடுகள் இங்கிலாந்தின் யோர்க்ஷயரிலுள்ள ஸ்காபரோவை அவருக்கு நினைவூட்டின. சிறு பிள்ளைகளுடன் கூடாரத்தில் வாழ்ந்தவாறே நாட்குறிப்பு எழுதினார். கண்ட கரைகளையும் காடுகளையும் நீர்வர்ணத்தில் தீட்டினார். 1794இல் அவருடைய பெண் குழந்தையொன்று இவ்விடத்திலேயே இறந்தது. ஆளுநர் குடும்பத்தின் கூடாரமும் அகதியின் கூடாரமும் ஒன்றல்லதான். எனினும் பிறந்த நாட்டின் சாயலை அந்நிய மண்ணிற் கண்டு மனம் பதைப்பது எவர்க்கும் பொதுவன்றோ? அவருடைய ஓவியங்கள் ஒன்ராறியோ ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன. புகைப்படக் கலை பிறவாத அக்காலத்தில் இக்கரை எவ்வாறிருந்தது என்பதற்கு அவையே சாட்சி.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது எங்கள் ஒளிப்படத் தொகுப்புகள் வீட்டிலேயே தங்கிவிட்டன. பெற்றோரின் திருமணப் படம்கூட எஞ்சவில்லை. ஆனாற் பள்ளிப் பருவத்திற் பலமுறை கீறிப் பார்த்த எங்கள் கிணற்றடியை, துலாவின் சாய்வும் வாழைப் பாத்தியும் பிசகாமல், இன்றும் என்னால் வரைய முடிகிறது. கீறாத முன்வாசலின் படிகள் மூன்றா நான்கா என்பதில் எனக்கும் தம்பிக்கும் இன்றுவரை வழக்கு.

சென்ற கோடையில் ஏரிக்கரை மண்மேடுகளின் அடியிலுள்ள பூங்காவிற் கூடியிருந்தோம். தம்பியின் மகளுக்கு ஒன்பது வயது, தமிழ் குறைவு. என் தாயாருக்கு ஆங்கிலம் இல்லை. சிறுமி மண்மேட்டைத் தீட்டிக்கொண்டிருக்க, அருகிலிருந்து பார்த்த தாயார் பென்சிலை வாங்கி, அதன் கீழே ஒரு கேணியையும் படிகளையும் கீறினார். எண்பது கடந்த அவர் படம் கீறி நான் கண்டது அன்றுதான். "அப்பம்மா, இது என்ன?" என்றாள். கீரிமலை என்றார். கடலுக்கு அருகே நன்னீர் எவ்வாறு வரும், ஆணும் பெண்ணும் ஏன் வேறு கேணிகளிற் குளிப்பர் என்று, பாதி சைகையும் பாதி படமுமாக அரைமணி நேரம் பேசினார்கள். அன்று அடுப்பில் வாட்டிய கோழி கருகிப்போயிற்று.

கச்சேரியில் வரைவதும் நமக்குப் புதிதன்று. ஆனந்த விகடனில் மாலி வரைந்த சங்கீத வித்துவான்களின் சித்திரங்களை மூத்த வாசகர் மறந்திரார். மண்டபத்தில் வர்ணம் வேண்டாம். மென்மையான பென்சிலும் சிறு கொப்பியும் போதும். அமர்ந்திருக்கும் வயலின், மிருதங்கக் கலைஞரின் உடலை முதலிலும் கைகளை இறுதியிலும் வரையலாம். நடனமாயின், நீண்ட வர்ணத்தில் அரைமண்டி நிலை திரும்பத் திரும்ப வரும், காத்திருந்து பிடிக்கலாம். நிறத்தை வீடு வந்து நினைவிலிருந்து தீட்டட்டும். பூங்காவுக்காயின் தடித்த நீர்வர்ணத் தாள், பன்னிரு வர்ணப் பெட்டி, போத்தலில் தண்ணீர், காற்றுக்குத் தாளைப் பிடிக்க உடுப்புக் கொழுவும் கிளிப் இரண்டு. வெள்ளை வேண்டிய இடத்தைத் தீட்டாமல் விடவேண்டும். தாளின் வெண்மையே நிறம்.

அண்மையில் ஓர் அரங்கேற்றத்திற் கொப்பியில் வரைந்துகொண்டிருந்த சிறுவனை அதை மூடிவைக்குமாறு அமைப்பாளர் ஒருவர் பணித்தார். மேடையை மறைத்து நின்ற மூன்று வீடியோக் கமராக்களை அவர் ஒன்றும் சொல்லவில்லை. அரங்கேற்ற மலர்களில் வாழ்த்துரைகளுக்குப் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கும் பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன்: ஒத்திகை நாளிற் பிள்ளைகளை அழைத்து வரையச் செய்து, அப்படங்களுக்கு அடுத்த மலரில் இரண்டு பக்கங்கள் தாருங்கள்.